ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் பயிற்சி: கொடுக்கும் காசுக்கு எத்தனை வளைவு?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில், பக்கத்து சீட்டில் பயிற்றுநர் இருக்க, ஒரு முழு நாள் ஓட்டும் முதல்நிலைப் பயிற்சிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. சொந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுபோய் ஓட்டும் பயிற்சி, கட்டணத்துக்கு மேல் வண்டி தின்னும் செலவையும் தாங்கக்கூடியவர்களுக்கு மட்டும். 'சூப்பர் காரில் மூன்று சுற்று' என்று விற்கிறார்களே, அதைப் பயிற்சிக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அது திருவிழா ராட்டினம். பிறந்தநாளுக்குப் பரிசாக வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை.

விளம்பரத்தில் கட்டணம் கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை நிமிடம் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும் என்பது இருக்காது. அதைத்தான் கேட்க வேண்டும். ஒரு பேச்சுக்குக் கட்டணம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு முறை, முறைக்கு 20 நிமிடம் என்றால் 80 நிமிடம். நிமிடத்துக்கு 500 ரூபாய். அதே கட்டணத்தில் இரண்டு பேருக்கு ஒரு கார் என்று வைத்தால் உங்கள் பங்கு 40 நிமிடம்தான், நிமிடம் 1,000 ரூபாய். 'காலை 8 முதல் மாலை 5 வரை' என்ற வரியை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஒன்பது மணி நேரத்தில் காபி, பாடம், காத்திருப்பு, சான்றிதழோடு படம் எடுப்பது எல்லாம் அடக்கம்.

இன்னும் நேர்மையான அளவுகோல் வளைவு எண்ணிக்கை. நேர்பாதையில் கற்க ஒன்றுமில்லை, ஆக்சிலரேட்டரை யாரும் மிதிப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த டிராக், இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். புதிதாக ஓட்டுகிறவர் சாதாரணக் காரில் சுற்றுக்கு இரண்டரை நிமிடம் எடுத்தால் 20 நிமிடத்தில் எட்டுச் சுற்று. முதல் சுற்று டயரும் பிரேக்கும் சூடேற, கடைசிச் சுற்று ஆற. மிச்சம் ஆறு சுற்றில் 72 வளைவுகள், நான்கு முறைக்கு 288. 'மூன்று சுற்று' வியாபாரத்தில் போகும் சுற்றும் வரும் சுற்றும் கழிந்தால் ஒழுங்காக ஓட்டுவது ஒரே சுற்று, 12 வளைவு. அதற்கு 15,000 ரூபாய் வாங்கினால் வளைவுக்கு 1,250 ரூபாய். பள்ளிக் காரில் அதே வளைவு 139 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மனிதக் கண்ணும் காலும் திரும்பத் திரும்பச் செய்துதான் பழகும். பன்னிரண்டு வளைவில் எந்தக் காலும் பழகாது.

டிராக்கைப் பொறுத்தும் பயிற்சியின் குணம் மாறும். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதன் பெயரில் அமைந்தது. இரண்டு கிலோமீட்டரை ஒட்டிய நீளம், நெருக்கமான வளைவுகள், வேகம் குறைவு. பிரேக்கும், லைனும் (வளைவில் கார் போக வேண்டிய பாதை) முதன்முதலாகக் கற்க இதைவிடத் தோதான இடம் இங்கே இல்லை. தவறு செய்தால் மண்ணில் இறங்கி நிற்பீர்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். இருங்காட்டுக்கோட்டையில் சி1 என்கிற முதல் வளைவே வேகமான வலது வளைவு. நேர்பாதையின் முழு வேகத்தோடு அதற்குள் போக வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு அங்கே கை உதறும். பயிற்றுநர் இல்லாமல் அந்த வளைவைக் கற்க முயல்வது முட்டாள்தனம். கிரேட்டர் நொய்டாவின் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட், 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 நடந்த இடம்; 5.1 கி.மீ., அதில் ஒரு நேர்பாதை மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். 400 குதிரைத்திறன் வண்டியை முழுதாக அவிழ்த்துவிட இந்தியாவில் அதுதான் இடம். அந்த நேர்பாதையின் முடிவில் பிரேக் என்ன பாடுபடும் என்பதைக் கீழே பார்ப்போம். மலேசியத் தமிழர்களுக்கு செப்பாங் பக்கத்திலேயே இருக்கிறது, 5.5 கி.மீ., அகலமான டிராக், புதியவருக்கு மன்னிப்பு அதிகம்.

சரி, அந்த 80 நிமிடத்தில் என்னதான் கிடைக்கிறது?

முதல் பாடம் உட்காருவது. சிரித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள், நம் ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் சீட்டைத் தப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள். பிரேக் பெடலை முழு பலத்தோடு அடிவரை மிதித்த நிலையில் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். தோள் இரண்டும் சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கைகள் கடிகாரத்தின் 9-லும் 3-லும். ஹெல்மெட் போட்டபின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கைமுஷ்டி இடைவெளி. சாய்ந்து படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிப் பழகியவருக்கு இது முதல் அரைமணி நேரம் உறுத்தும். ஆனால் முதுகு சீட்டில் பதியாவிட்டால் வண்டியின் பின்பகுதி நழுவுவதை உடம்பு உணரவே உணராது. கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இரண்டாவது பாடம் பிரேக். காசுக்கு மதிப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பயிற்சியில் 60, 80, 100 கி.மீ. வேகத்தில் போய், கோன் வைத்த இடத்தில் பெடலை உடைக்கிற மாதிரி மிதிக்கச் சொல்வார்கள். உலர்ந்த தார், நல்ல டயர் என்றால் கார் ஏறத்தாழ 1 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவுக்கு வேகம் குறைக்கும். அந்தக் கணக்கில் 60-இலிருந்து நிற்க 14 மீட்டர், 80-இலிருந்து 25, 100-இலிருந்து 39. புதியவர் முதல் முயற்சியில் இதில் பாதி பலத்தைத்தான் போடுவார். அப்போது 100-இலிருந்து நிற்க 79 மீட்டர் ஆகும். அதைவிடத் திடுக்கிட வைப்பது வேறு: முழுதாக மிதித்தவரின் கார் 39-ஆவது மீட்டரில் நின்றுவிட்டது, பாதி மிதித்தவரின் கார் அதே இடத்தை இன்னும் 70 கி.மீ. வேகத்தில் கடக்கிறது. எதிரில் லாரி நின்றிருந்தால் எந்த வேகத்தில் மோதுவோம் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

ஏன் பாதி மிதிக்கிறார்கள்? ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) வேலை செய்யத் தொடங்கியதும் பெடல் பாதத்துக்கடியில் தடதடவென்று உதறும், கரகரவென்று சத்தம் வரும். எதோ உடைந்துவிட்டது என்று கால் தானாக விட்டுவிடும். உடையவில்லை, அதுதான் அதன் வேலை. அந்த உதறலை ஐந்தாறு முறை காலில் வாங்கிய பிறகு பயம் போய்விடும். அடுத்து, உதறிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பித் தடையைச் சுற்றிப் போகச் சொல்வார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் கார் திரும்பும். இது சாலையில் உயிர் காக்கிற பழக்கம், இதை எந்த சாதாரண டிரைவிங் ஸ்கூலும் கற்றுத் தருவதில்லை. நீங்கள் சேரும் பயிற்சியில் பிரேக் பயிற்சி இல்லை, நேரே சுற்று ஓட்டம்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.

டிராக்கில் பிரேக் பிடிப்பது இதைவிடக் கொஞ்சம் நயமானது. முழு பலத்தையும் ஒரே குத்தாகக் குத்தாமல், வேகமாக ஆனால் அழுத்தி ஏற்ற வேண்டும். முன்பக்கம் எடை இறங்க ஒரு கணம் கொடுத்தால்தான் முன் டயர் முழுப் பிடியைத் தரும். பெரும்பகுதி வேகத்தை நேராகப் போகும்போதே குறைத்துவிட்டு, ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் காலை மெல்ல விட வேண்டும். டயருக்கு இருப்பது ஒரே பிடி. அதை பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு போட வேண்டும். இரண்டையும் முழுதாகக் கேட்டால் எதுவும் கிடைக்காது.

வளைவில் லைன் பிடிப்பது ஏன் என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு போதும். 30 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் 1 ஜி பிடியில் 62 கி.மீ. வேகம்தான் தாங்கும். டிராக்கின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, வெளியோரத்தில் தொடங்கி உள்விளிம்பைத் தொட்டு மறுபடி வெளியோரத்துக்கு வந்தால் ஆரம் 40 மீட்டராகும், 71 கி.மீ. தாங்கும். இன்ஜினில் ஒரு குதிரைத்திறன்கூடச் சேர்க்காமல் ஒன்பது கி.மீ. லாபம். உள்விளிம்பைத் தொடும் புள்ளியை ஏபெக்ஸ் என்பார்கள். புதியவர்கள் எல்லோரும் அதைச் சீக்கிரமே தொட்டுவிடுவார்கள், வெளியே வரும்போது தார் தீர்ந்துபோகும். அதனால்தான் பயிற்றுநர் 'காத்திரு, இன்னும் காத்திரு' என்று கத்திக்கொண்டே இருப்பார். ஏபெக்ஸைத் தாமதமாகத் தொடுவது கொஞ்சம் மெதுவானது, ஆனால் மண்ணுக்குப் போகாது. நுழையும் வேகத்தில் ஆசைப்படுவதும் அப்படித்தான். 62-இல் நிற்கும் வளைவுக்குள் 68-இல் போனால் தேவைப்படும் பிடி 10 சதவீதம் அல்ல, 21 சதவீதம் கூடும். டயரிடம் அது கிடையாது.

கண்ணைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை, ஆனால் பயிற்றுநர் நாள் முழுக்கச் சொல்வது அதைத்தான். பார்க்கிற இடத்துக்குத்தான் கார் போகும். பிரேக் பிடிக்கும்போது ஏபெக்ஸைப் பார், ஏபெக்ஸை நெருங்கும்போது வெளிவழியைப் பார். சுவரைப் பார்த்தால் சுவருக்குத்தான் போவீர்கள்.

சறுக்கல் பயிற்சி தனியாகச் சொல்ல வேண்டியது. நல்ல பள்ளிகள் தட்டையான தார்ப் பரப்பில் தண்ணீர் தெளித்து வட்டமடிக்க வைக்கும். டேங்கர் லாரித் தண்ணீரே போதும், பெரிய வசதி எதுவும் வேண்டாம். அதனால் 'எங்களிடம் அதற்கு இடமில்லை' என்று சொல்வதை நம்புவது கடினம். ஈரத்தில் 30, 40 கி.மீ. வேகத்திலேயே கார் நழுவும், டயரும் தேயாது, பயமும் இருக்காது. முன்சக்கரம் நழுவினால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகும். அப்போது எல்லோரும் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார்கள். அது தவறு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சற்றே நேராக்கினால் டயர் மறுபடி பிடிக்கும். சாலையில் ஓடும் ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்ற முன்சக்கர இழுவைக் கார்கள் அனைத்தும் முதலில் இப்படித்தான் நழுவும். பின்பக்கம் நழுவினால் போக வேண்டிய திசையைப் பார்த்து, அந்தத் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்பி, பின்பக்கம் திரும்பி வரும்போது அதே வேகத்தில் நேராக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் தவறவிடுகிறார்கள். நேராக்கத் தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் இன்னும் கடுமையாகச் சுழலும். சுழல ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அடிவரை மிதித்துவிடுங்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவதும் பின்பக்கத்தை நழுவவிடும். எடை முன்னால் பாய்ந்து பின் டயர் லேசாகிவிடுவதே காரணம். இதை ஒருமுறை ஈரத்தில் உணர்ந்தவர் மலைப்பாதையில் வேறு மாதிரி ஓட்டுவார்.

பயிற்றுநர் எப்படிப்பட்டவர் என்பதை முதல் அரைமணியில் கண்டுபிடித்துவிடலாம். தினமும் என்ன கார் ஓட்டுகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார். முறைக்கு ஒரு விஷயம் மட்டும் திருத்துவார். வளைவு வருவதற்கு முன் ஒற்றைச் சொல்லில் பேசுவார். முடிந்தபின் பிரசங்கம் செய்ய மாட்டார். ஓட்டி முடித்ததும் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து பேசுவார். தன் வேகத்தைக் காட்ட உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பவர் கெட்டிக்கார ஓட்டுநராக இருக்கலாம். உங்கள் நிமிடங்களைத் தின்கிறார். ஒருமுறை காட்டினால் போதும். முதல்நிலையில் சுற்று நேரம் எடுக்க விடாத பள்ளி நல்ல பள்ளி. நேர்பாதையில் மட்டும், முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும் முந்தலாம் என்ற விதி இருக்கிறதா, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, சிவப்பு மஞ்சள் பட்டைக் கொடிகளை விளக்குகிறார்களா என்பதையும் பாருங்கள். கொடிப் பாடத்துக்குப் பத்து நிமிடம் போதும். அதைக்கூட விட்டுவிடுகிற இடத்தில் மற்றதையும் விட்டிருப்பார்கள்.

இனி சொந்தக் காரில் போகிறவர்களின் செலவு.

1,500 கிலோ எடையுள்ள கார் 160-இலிருந்து 60-க்கு இறங்கும்போது பிரேக்குகள் ஏறத்தாழ 12.7 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக விழுங்க வேண்டும். சாலையில் இது எப்போதாவது ஒருமுறை. டிராக்கில் சுற்றுக்கு மூன்று நான்கு முறை, ஆறவே நேரமில்லை. முதலில் கைவிடுவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. டாட் 5.1-க்கு 260, 180. சென்னைக் காற்றின் ஈரத்தில் இரண்டு வருடம் இருந்த ஆயிலோடு டிராக்குக்குப் போகாதீர்கள். போவதற்கு முந்தைய வாரம் புது ஆயில் மாற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் இதுதான் மிகச் சின்னது, மிக அவசியமானது. டாட் 5 என்று மட்டும் எழுதிய டப்பாவை வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான் ஆயில், டாட் 4 ஊற்றிய வண்டியோடு சேராது.

ஓட்டும்போது பிரேக் பலவீனமானால் பெடலே காரணத்தைச் சொல்லும். பெடல் மெத்தென்று ஆகி ஆழமாக இறங்கினால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது. பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருந்தும் கார் நிற்காவிட்டால் பிரேக் பேட் அதன் வெப்ப வரம்பைத் தாண்டிவிட்டது. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: பெடலை இரண்டு மூன்று முறை தட்டிப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி வெளியே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கொதிக்கும் டிஸ்க்கை பேட் அப்படியே கவ்விக்கொண்டு ஆறினால் அந்த இடத்தில் படிவு ஒட்டி, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் ஆடும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். டர்போ வண்டியென்றால் உடனே இன்ஜினை அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டே போங்கள். கார்பன் செராமிக் டிஸ்க் போட்ட வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அதை மாற்றும் செலவு லட்சக்கணக்கில். பயிற்சிக்கு வாடகைக் காரில் போவது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

டயர் காற்று அடுத்தது. 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர் 70 டிகிரிக்குச் சூடேறினால் 38-ஐத் தொடும். காற்று ஏறிய டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு வழுக்கும். எனவே முதல் முறை ஓட்டிவிட்டு வந்ததும், சூடாக இருக்கும்போதே அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் வலது வளைவுகள் மிகுதி என்பதால் இடது முன் டயரின் வெளித்தோள்தான் முதலில் தேயும். தோளில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தால் எதுவரை உருள்கிறது என்று தெரியும். கோடு முழுக்க அழிந்தால் காற்று குறைவு, தொடவே இல்லையென்றால் அதிகம். வீல் நட்டுகளைக் கம்பெனி கையேட்டில் உள்ள முறுக்கு அளவில், டார்க் ரெஞ்ச் வைத்துக் காலையிலும் மதியமும் சரிபாருங்கள். பஞ்சர் கடைக்காரர் காலால் மிதித்து இறுக்கியது கணக்கில் வராது. பெட்ரோல் பாதி டேங்குக்குக் குறைய விடாதீர்கள். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் இருமும். தரை மிதியடி, தண்ணீர் பாட்டில், டிக்கியில் ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரையும்தான். 1 ஜி பிரேக்கில் அவர் கண்ணாடிக்குத்தான் போவார்.

இவையெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியவை. காப்பீடு அப்படியல்ல. இந்தியாவில் தனியார் காருக்கான பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள்: ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பு இல்லை என்று எழுதியிருக்கும். 'இது பந்தயம் இல்லை, பயிற்சிதானே' என்று சுவரில் மோதிய பிறகு வாதாடிப் பார்க்கலாம். ஜெயிப்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஐம்பது லட்சம் ரூபாய்க் காரை டிராக்கில் ஓட்டுகிறவர் ஐம்பது லட்சத்தையும் தன் கைக்காசாக நினைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்த நினைப்போடு ஓட்டினால் கவனம் பாடத்தில் இருக்காது. பள்ளிக் காரைப் பரிந்துரைக்க இதுவே பெரிய காரணம். பள்ளிக் காருக்கும் சேதம் ஆனால் உங்கள் பங்கு எவ்வளவு, அதற்கு மேல் எல்லை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் பொறுப்புத் துறப்புப் படிவத்தை அன்று காலை வரிசையில் நின்றபடி படிக்க முடியாது. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள்.

கார் வாங்கும்போதே சேர்ந்து வரும் பயிற்சிகள் தனி ரகம். அமெரிக்காவில் நெவாடாவின் பாரம்ப் ஊரில் உள்ள ஸ்பிரிங் மவுண்டன் டிராக்கில், புது கார்வெட் வாங்கியவர்களுக்குக் கம்பெனி மானியத்தோடு இரண்டு நாள் பள்ளி நடக்கிறது. ஓட்டுவது பள்ளியின் கார்வெட்டில், டயரும் பேட்டும் அவர்கள் கணக்கு. இந்த ரகப் பயிற்சி கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். இந்தியாவில் பென்ஸ், ஆடி போன்றவை புத் டிராக்கில் நடத்தியவையும் இந்த வகையில் வரும். விற்பனைப் பேச்சு கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கும். வேகமான காரில் முன்வண்டியைப் பின்தொடர்ந்து ஓட்டும் நேரம்தான் அதிகம், பக்கத்தில் பயிற்றுநர் எப்போதும் இருக்க மாட்டார். ஆனாலும் டயர் செலவு உங்களுடையது இல்லை என்பது பெரிய விஷயம்.

பந்தயம்தான் குறி என்றால் பாதை வேறு. 1.3 லிட்டர் மாருதி இன்ஜின் வைத்த ஃபார்முலா எல்.ஜி.பி. மாதிரி ஒற்றை இருக்கைக் காரில் பள்ளிகள் பயிற்சி தருகின்றன. ஒற்றை இருக்கையில் பயிற்றுநர் உட்கார இடமில்லை. பக்கத்தில் ஆள் இருந்து திருத்தும் அடிப்படைப் பாடம் முடிந்தபின் இதற்குப் போனால்தான் பலன். போட்டி உரிமம் தருவது இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.; நீங்கள் வாங்கும் சான்றிதழ் அதற்குச் செல்லுபடியாகுமா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான கோவை நாராயண் கார்த்திகேயனும் 1992-இல் பிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் படித்தவர்தான். அப்போது அவருக்கு வயது 15. நாற்பது வயதில் முதல் பாடத்துக்குப் போகிறவர் தன் நோக்கத்தைக் கொஞ்சம் அடக்கமாக வைத்துக்கொண்டால் காசும் மிச்சம்.

முதல்நிலை முடிந்ததும் இரண்டாம் நிலையை அடுத்த நாளுக்கே தள்ளுபடியில் விற்பார்கள். வாங்காதீர்கள். முதல்நிலையில் கற்றது காலில் இறங்கச் சில மாதம் ஆகும். அதற்குள் ஹீல் அண்ட் டோ (ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதித்து கியர் இறக்குவது), டிரெயில் பிரேக்கிங் (வளைவுக்குள்ளும் பிரேக்கைப் பிடித்தபடி போவது) என்று அடுக்கினால் இரண்டும் அரைகுறையாகும். உங்கள் கார் டூயல் கிளட்ச் (கிளட்ச் பெடல் இல்லாத தானியங்கி கியர் வகை) என்றால் ஹீல் அண்ட் டோவுக்குத் தனியாகக் காசு கொடுக்கவே வேண்டாம்; அதை கியர்பாக்ஸே செய்துகொள்கிறது. இடைப்பட்ட மாதங்களில் வாடகை கோ-கார்ட்டில் ஓட்டுங்கள். லைனுக்கும் கண்ணுக்கும் அதைவிட மலிவான பயிற்சி இல்லை. பிரேக் மட்டும் அங்கே கற்க முடியாது, ஏனென்றால் பெரும்பாலான வாடகைக் கார்ட்டுகளில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக்.

யாருக்கு வேண்டாம்? ஈ.சி.ஆரில் ஞாயிறு காலை இன்னும் வேகமாகப் போவதற்காகக் கற்க நினைப்பவருக்கு. பொது இடத்தில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம் என்பது ஒருபுறம். டிராக்கில் கற்கும் எதுவும் குறுக்கே ஓடிவரும் நாய்க்கும், எதிர்த்திசையில் வரும் பைக்குக்கும் பொருந்தாது.

தேதி குறிக்கும்போது வெயிலைப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையில் மதியத்துக்குப் பிறகு ஹெல்மெட்டுக்குள் மூளை வேலை செய்யாது; காலையிலேயே அதிக முறை ஓட்டவிடும் அட்டவணையா என்று கேளுங்கள். பருத்தித் துணி, முழங்கால் மூடிய பேன்ட், மெல்லிய அடியுள்ள ஷூ, கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாலியஸ்டர் ஜெர்சி வேண்டாம், தீயில் உருகி ஒட்டும். மழை வந்தால் பயிற்சியைத் தள்ளிவைக்கச் சொல்லாதீர்கள். நனைந்த டிராக்கில் பாதி வேகத்தில் இரண்டு மடங்கு கற்கலாம், பேட்டும் டயரும் மிச்சம். இடி மின்னலுக்காக அவர்களே நிறுத்தினால் பணம் திரும்ப வருமா, வேறு தேதியா என்பது மட்டும் ரசீதில் இருக்கட்டும்.

சொந்தக் காரில் போனவர்கள் கிளம்புமுன் ஒரு வேலை பாக்கி. மதியம் சூட்டில் இறக்கிய காற்று, டயர் ஆறியதும் 27, 28 பி.எஸ்.ஐ.க்கு வந்திருக்கும், அதோடு பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. ஆறிய டயரில் கம்பெனி அளவுக்கு ஏற்றுங்கள், நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். மறுநாள் காலை இன்ஜினைப் போட்டதும் நிறுத்திய இடத்திலேயே பிரேக்கை ஒருமுறை மிதியுங்கள். வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் ஆயில் போய்விட்டது, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.